வெண்ணெய் திரளுமுன் முடிந்துவிடும் பாட்டு

ஒரு டிசம்பர் மாலையில் என் மகள் பள்ளியிலிருந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தாள். அந்த ஆண்டின் இசை நாடகத்துக்கு 'ஒக்லஹோமா!'வை எடுத்திருந்தார்கள். பாத்திரங்களின் பட்டியல் அன்றுதான் ஒட்டப்பட்டிருந்தது. இவளுக்கு எல்லர் அத்தை வேடம். பதினாறு வயதுப் பெண்ணுக்குக் கிழவி வேடம் கொடுத்தால் கோபம் வரும்தான். ஆனால் அவளுடைய குறை வேறாக இருந்தது.

"திரை திறக்கும்போது நான்தான் மேடையில் இருக்கிறேன், அம்மா. ஆனால் பாடுவது நான் இல்லை. கதாநாயகன் பாடுவான், நான் வெண்ணெய் கடைய வேண்டும்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து பென்சில்வேனியாவுக்கு வந்து இருபது ஆண்டுகள் ஆகின்றன. இத்தனை கடல் தாண்டி வந்தும் மத்து விடவில்லையே என்று நினைத்துக்கொண்டேன்.

அவள் சொன்ன அந்தப் பாட்டை அமெரிக்காவில் கேட்காமல் இருக்க முடியாது. 'ஓ, என்ன அழகான காலை' என்று தொடங்கும் பல்லவி பல் மருத்துவரின் காத்திருப்பு அறையிலும் ஒலிக்கும், சூப்பர் மார்க்கெட்டிலும் ஒலிக்கும். நானும் அதை வெகுநாள் அந்தக் கணக்கில்தான் வைத்திருந்தேன்: சர்க்கரை சற்றுக் கூடிப்போன, எதற்கும் உதவாத உற்சாகப் பாட்டு. சோகப் பாட்டென்றால் உயர்ந்தது, சந்தோஷப் பாட்டென்றால் லேசானது என்கிற எண்ணம் நம்மில் பலருக்கும் உண்டு. மகளின் தயவில் நான்கு மாதம் அந்தப் பாட்டோடு குடியிருந்த பிறகு அந்த எண்ணம் என்னைவிட்டுப் போய்விட்டது.

முதலில், நாடகம் முதன்முதலாக அரங்கேறிய அன்றைய திரை திறப்பைச் சொல்லிவிடுகிறேன். 1943 மார்ச் 31, நியூயார்க், செயின்ட் ஜேம்ஸ் தியேட்டர். நியூயார்க்கின் நாடக உலகமான பிராட்வேயின் அன்றைய வழக்கப்படி இசை நாடகம் என்றால் திரை விலகியதும் வரிசையாக இளம்பெண்கள் ஆடிப் பாடிக்கொண்டு நிற்க வேண்டும். டிக்கெட் வாங்கியவர்கள் எதிர்பார்ப்பது அதைத்தான். இங்கே திரை விலகினால், ஒரு பண்ணை வீட்டு முற்றம். நடுத்தர வயது தாண்டிய ஒரு பெண் தனியாக உட்கார்ந்து வெண்ணெய் கடைந்துகொண்டிருக்கிறாள். வேறு யாரும் இல்லை. மேடைக்கு வெளியே எங்கோ ஓர் ஆண்குரல், பக்கவாத்தியம் ஏதுமின்றி, தனக்குத்தானே பாடிக்கொண்டு வருவதுபோல் கேட்கிறது. கர்லி என்கிற மாட்டுக்காரன். அன்று பாடியவர் ஆல்ஃப்ரெட் டிரேக். கடைந்தவர் பெட்டி கார்ட்.

இதை ஏதோ புரட்சி என்று திட்டமிட்டுச் செய்ததாகத் தெரியவில்லை. எழுதியவருக்கு வேறு வழி அகப்படவில்லை என்பதுதான் உண்மை. லின் ரிக்ஸ் எழுதிய ஒரு நாடகத்தை எடுத்துக்கொண்டு ஆஸ்கர் ஹாமர்ஸ்டைன் இசை நாடகமாக்க உட்கார்ந்தார். அந்த நாடகத்தின் முதல் பக்கத்தில் காட்சிக் குறிப்பு ஒன்று இருந்தது. ஒளி ததும்பும் ஒரு கோடைக் காலை. மனிதர்கள், மேயும் மாடுகள், இளஞ்சோளத் தாள்கள், ஓடைகள் எல்லாம் அந்த நிமிடம்தான் முதன்முறையாகப் பிறந்தவைபோல் தோன்றும் காலை என்று ரிக்ஸ் எழுதியிருந்தார். நாடகம் பார்க்க வருகிறவர்கள் காட்சிக் குறிப்பைப் படிக்கப்போவதில்லை. இத்தனை அழகு அச்சில் கிடந்து வீணாவதா என்று ஹாமர்ஸ்டைனுக்குப் பொறுக்கவில்லை. அதையே பாட்டாக்கிக் கர்லியின் வாயில் வைத்துவிட்டார்.

எழுதி முடிக்க அவருக்கு மூன்று வாரம் ஆனது. பாட்டை எடுத்து வைத்து எண்ணிப் பாருங்கள்: நான்கடிப் பல்லவி ஒன்று, சின்னச் சின்னச் சரணங்கள் மூன்று, அவ்வளவுதான். தொடக்கத்தில் அந்த 'ஓ' வேண்டுமா வேண்டாமா என்று மட்டும் நாள்கணக்கில் மனத்துக்குள் இழுபறி நடந்ததாக ஒரு கதை உண்டு. கதையோ நிஜமோ, அந்த 'ஓ'வை எடுத்துவிட்டுப் பாடிப் பாருங்கள். வானிலை அறிக்கை வாசிப்பதுபோல் இருக்கும்.

ரிச்சர்ட் ராட்ஜர்ஸ் மெட்டமைக்கப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை என்பார்கள். அதற்கு முன் பல ஆண்டுகள் பாடலாசிரியர் லோரன்ஸ் ஹார்ட்டுடன் சேர்ந்து இயங்கியவர் ராட்ஜர்ஸ். அந்தக் கூட்டணியில் பெரும்பாலும் மெட்டு முதலில், சொல் பிறகு. ஹாமர்ஸ்டைனுடன் அந்த வரிசை தலைகீழானது. கையில் கொடுக்கப்பட்ட தாளைப் படித்ததும், அது அத்தனை அழகாகவும் அத்தனை சரியாகவும் இருந்ததால் சந்தோஷத்தில் தனக்குக் கொஞ்சம் உடம்பே முடியாமல் போய்விட்டது என்று ராட்ஜர்ஸ் பின்னாளில் சொல்லியிருக்கிறார். ஒருவர் மூன்று வாரம் உழுது போட்டால் இன்னொருவர் பத்து நிமிடத்தில் விதைத்துவிட்டுப் போகலாம் போலிருக்கிறது.

இனி யானைக்கு வருகிறேன். வீட்டில் பெரிய விவாதம் அதில்தான் நடந்தது.

முதல் சரணத்தில் மக்காச்சோளம் யானையின் கண் உயரத்துக்கு வளர்ந்து நிற்கிறது என்று கர்லி பாடுகிறான். "ஒக்லஹோமாவில் ஏது யானை? அவன் யானையைப் பார்த்திருப்பானா?" என்று மகள் கேட்டாள். நியாயமான கேள்வி. ஹாமர்ஸ்டைன் முதலில் எழுதியது யானையை அல்ல. மாடு மேய்ப்பவர்கள் ஏறிச் செல்லும் சிறு குதிரையின் கண் உயரம் என்றுதான் எழுதியிருந்தார். கர்லி அன்றாடம் பார்க்கிற விலங்கு, பொருத்தமான உவமை. ஆனால் அவர் அப்போது இருந்தது பென்சில்வேனியாவில், டாய்ல்ஸ்டவுன் அருகே தன் பண்ணையில். பக்கத்து நிலத்தில் சோளம் நின்றது. எழுதியது சரிதானா என்று நடந்துபோய்ப் பார்த்தார். பயிர் குதிரையின் கண்ணைத் தாண்டி எங்கேயோ போயிருந்தது. திரும்பி வந்து குதிரையை அடித்துவிட்டு யானையைக் கொண்டுவந்தார்.

இதில் எனக்குப் பிடித்தது உவமை பெரிதானது அல்ல. கற்பனையில் தோன்றிய அளவை நம்பாமல் வயலுக்குப் போய் அண்ணாந்து பார்த்தாரே, அதுதான். மகிழ்ச்சிப் பாட்டில் மிகைப்படுத்துவது சுலபம். இவரோ குறைத்து எழுதியிருந்ததைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து உயர்த்தியிருக்கிறார். இரண்டாம் சரணத்தில் மாடுகள் சிலைபோல் அசையாமல் நிற்கின்றன; கர்லி குதிரையில் கடந்துபோனாலும் தலை திருப்புவதில்லை; பழுப்புநிறக் கன்று ஒன்று மட்டும் கண் சிமிட்டுகிறது. அதுவும் அந்தப் பண்ணையின் தாழ்வாரத்தில் உட்கார்ந்து, தூரத்துச் சரிவில் வெயிலில் அசையாமல் நின்ற மாடுகளைப் பார்த்ததிலிருந்து வந்ததுதான். மாடு வளர்த்தவர்களுக்குத் தெரியும். காலை வெயில் ஏறுகிற நேரத்தில் அவை அப்படித்தான் நிற்கும், எதையோ யோசிப்பதுபோல்.

"நம் ஊரில் ஆனை கட்டிப் போரடித்தார்கள், கண்ணம்மா. யானையைக் கொண்டு சோளத்தை அளந்தால் என்ன குறைந்துவிடும்?" என்றேன். அவளுக்கு அது சமாதானமாகவில்லை. ஆனால் 1955இல் திரைப்படம் எடுத்தபோது அந்த ஒரு வரிக்காக அரிசோனாவில் சோளத்தைத் தனியாகப் பயிரிட்டு உயர உயர வளர்த்தார்கள் என்று சொன்னதும் சிரித்துவிட்டாள். கவி பார்த்து எழுதியதை, படக்காரர்கள் எழுதியதைப் பார்த்து விதைத்திருக்கிறார்கள்.

அந்தப் பண்ணை வீடு எங்கள் ஊரிலிருந்து காரில் முக்கால் மணி நேரம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளை அழைத்துக்கொண்டு போனேன். சாலையோரம் வெள்ளை வீடு, அகலமான தாழ்வாரம். நாங்கள் போனது பிப்ரவரி. தரையெல்லாம் பாதி உருகிய பனி. சோளமும் இல்லை, மாடும் இல்லை. அருகில் குடியிருந்த ஒரு சிறுவன் அடிக்கடி இந்த வீட்டுக்கு வந்து ஹாமர்ஸ்டைனிடம் தொழில் கற்றுக்கொண்டான். அவன்தான் பின்னாளில் இசை நாடகங்களால் புகழ்பெற்ற ஸ்டீபன் சோண்ட்ஹைம். பாட்டுக்கான சொல் தாளில் படிக்கும்போது கொஞ்சம் வெறுமையாகத் தெரிய வேண்டும், மீதியை இசை நிரப்பும் என்பதற்குச் சோண்ட்ஹைம் காட்டிய எடுத்துக்காட்டு இந்தப் பாட்டுதான். தாழ்வாரத்தைப் பார்த்தபடி மகள் நின்றுகொண்டே இருந்தாள். குளிர் தாங்காமல் நான்தான் காருக்குள் போனேன்.

ஹாமர்ஸ்டைன் அந்தத் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்த காலத்தில் அவர் நிலைமை சரியில்லை. 1927இல் 'ஷோ போட்' என்ற இசை நாடகத்தை எழுதிப் பேர் வாங்கியவர், முப்பதுகளில் தோல்விமேல் தோல்வியாகப் பார்த்தார். 1939இல் வந்த ஒரு நாடகம் ஐம்பத்தொன்பது காட்சிகளோடு மூட்டை கட்டியது. 1941 டிசம்பரில் வந்த இன்னொன்று முப்பத்தாறு. ஊர் அவரை முடிந்துபோனவர் என்று தீர்த்துவிட்டிருந்தது. 'ஒக்லஹோமா!'வைத் தயாரித்த தியேட்டர் கில்டும் கடனில் கழுத்துவரை மூழ்கியிருந்தது. நியூ ஹேவன் நகரில் வெள்ளோட்டம் பார்த்துவிட்டு நியூயார்க்குக்குச் செய்தி போனது: காலைக் காட்டி ஆடும் பெண்கள் இல்லை, நகைச்சுவை இல்லை, தேற வாய்ப்பும் இல்லை. யார் சொன்னார் என்பதில் ஆளுக்கொரு பேர் சொல்கிறார்கள். சொன்னவர் யாராயினும், வெண்ணெய் திரளும் நேரத்தில் தாழியை உடைக்கப் பார்த்தவர்.

தாழி உடையவில்லை. 2,212 காட்சிகள் ஓடியது. வெற்றிக்குப் பிறகு ஹாமர்ஸ்டைன் செய்த வேலையை நினைத்தால் எனக்கு அவர்மேல் தனிப் பாசம் வரும். 'வெரைட்டி' என்கிற நாடக உலகப் பத்திரிகையில் காசு கொடுத்து விளம்பரம் போட்டார். வெற்றியைப் பற்றி ஒரு சொல் கிடையாது. தன் தோல்வி நாடகங்களின் பெயர்கள், எந்த அரங்கில் எத்தனை வாரம் ஓடின என்ற கணக்கு, கீழே ஒரு வரி: முன்பும் செய்திருக்கிறேன், மறுபடியும் செய்ய முடியும். அந்தப் பட்டியலில் செயின்ட் ஜேம்ஸ் தியேட்டரும் இருந்தது. சில வாரங்களிலேயே மூடிய நாடகம் நடந்த அதே அரங்கில்தான் இப்போது ஐந்து ஆண்டு ஓடப்போகிற நாடகம் நடந்துகொண்டிருந்தது.

இந்த மனிதர் எழுதிய 'அழகான காலை'யைத் துக்கம் தெரியாதவன் பாட்டு என்று எப்படிச் சொல்வது? தவிர, 1943. போர் நடுவில். ராணுவச் சீருடையில் வந்து, மறுவாரம் கப்பல் ஏறப்போகிற பையன்கள் அரங்கில் உட்கார்ந்து அந்தக் காலையைக் கேட்டார்கள். போருக்குப் பிறகு, 1947இல், ரேஷன் அட்டையும் இடிபாடுமாகக் கிடந்த லண்டனில் டிரூரி லேன் அரங்கத்தில் அதே பாட்டு ஒலித்தது. டிரூரி லேனும் அந்தத் தோல்விப் பட்டியலில் உள்ள அரங்கம்தான், அதுவும் இரண்டு முறை.

இன்னொரு சங்கதியும் பிடித்துப்போனது. வாத்தியக் கலைஞர்கள் சங்கம் இசைத்தட்டு நிறுவனங்களோடு வேலைநிறுத்தம் செய்துகொண்டிருந்த காலம் அது. பாட்டோ ஊரெல்லாம் பரவிவிட்டது, பதிவு செய்ய வாத்தியக்காரர்கள் இல்லை. பாடகர் ஃபிராங்க் சினாட்ரா 1943 ஆகஸ்டில் பின்னணிக் குரல்களை மட்டும் வைத்துக்கொண்டு, ஒரு வாத்தியமும் இல்லாமல் பாடிப் பதிவு செய்தார். வெறுங்குரலாகப் பிறந்த பாட்டு இசைத்தட்டிலும் வெறுங்குரலாகவே ஏறியது.

நாடகத்தில் எனக்கு நெருடுகிற இடமும் உண்டு. கதை நடப்பது 1906 வாக்கில். 1907இல்தான் ஒக்லஹோமா மாநிலமாகிறது. அதற்குமுன் அந்த நிலத்தின் பெயரே இந்தியப் பிரதேசம், பழங்குடியினருக்கென்று ஒதுக்கி, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பிடுங்கிய மண். மூல நாடகத்தை எழுதிய லின் ரிக்ஸே செரோக்கி என்னும் பழங்குடி இனத்தவர். ஆனால் இசை நாடகத்தில் செவ்விந்தியப் பாத்திரம் ஒன்றுகூட இல்லை. எல்லாம் முதன்முறையாகப் பிறந்ததுபோல் தோன்றிய அந்தக் காலையில், முன்பே அங்கே இருந்தவர்கள் கண்ணில் படவில்லை. 2019இல் பிராட்வேயில் டேனியல் ஃபிஷ் இயக்கத்தில் பார்த்தேன். அரங்கு முழுக்க விளக்கு எரிய, கர்லி கையில் கிதாருடன் நம் முகத்தைப் பார்த்து இதே பாட்டைப் பாடினான். ஒரு சொல் மாறவில்லை. எல்லாம் என் விருப்பப்படியே நடக்கும் என்று பொருள்படும் வரி வந்தபோது முதுகு சில்லிட்டது. யாருடைய விருப்பப்படி என்று கேட்கத் தோன்றியது.

சரி, மத்துக்கு வருகிறேன்.

நாடக ஆசிரியை எங்கிருந்தோ வெண்ணெய் கடையும் பழைய கலம் ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். இடுப்பளவு உயரத்தில் ஒடுங்கிய மரப்பீப்பாய், மூடியில் ஓட்டை, அதன் வழியே ஒரு நீளக்கோல், கோலின் அடியில் சிலுவைபோல் இரண்டு கட்டைகள். நம் மத்து கயிற்றில் சுழலும். இது உலக்கைபோல் மேலும் கீழும் போய்வரும். நாம் தயிரைக் கடைவோம். இவர்கள் பாலாடையைக் கடைந்தார்கள். மேடையில் பால் கொட்டினால் நாறும் என்பதால் உள்ளே தண்ணீர் மட்டும். பெற்றோரில் வெண்ணெய் கடைவதைக் கண்ணால் பார்த்தவர் யாரேனும் உண்டா என்று கேட்டபோது, கை தூக்கியது நான் ஒருத்திதான்.

ஒத்திகையில் பார்த்தால் மகள் எதிரியைக் குத்துவதுபோல் குத்திக்கொண்டிருந்தாள். அதைவிடப் பெரிய சிக்கல் தாளத்தில். இந்தப் பாட்டு வால்ட்ஸ் நடை, மூன்று மூன்றாக எண்ண வேண்டும். கோலோ இரண்டே அசைவு: கீழே, மேலே. அடிக்கு ஓர் அசைவு என்று வைத்தால் முதல் சுற்றின் முதல் அடியில் கோல் கீழே இறங்கும், அடுத்த சுற்றின் முதல் அடியில் மேலே ஏறும். கை ஒரு பக்கம் இழுக்க, காது ஒரு பக்கம் இழுக்க, அவள் தடுமாறித் தடுமாறிக் கடைசியில் பாடுகிற பையனையும் தடுமாற வைத்துவிட்டாள்.

என் அப்பாயி விடியற்காலையில் தூணோரம் உட்கார்ந்து கடைவார். கோயில் ஒலிபெருக்கியில் பாட்டு ஓடும், தெருவில் பால்காரர் மணி அடிப்பார், நாங்கள் பிள்ளைகள் சண்டை போடுவோம். கயிற்றின் வேகம் எதற்கும் மாறாது. எப்போது வெண்ணெய் வரும் என்று கேட்டால், "சத்தம் மாறும்" என்பார். அவ்வளவுதான் பதில். அவர் காது பானைக்குள் இருந்தது.

"நீ பாட்டைக் கேட்காதே," என்றேன் மகளிடம். "எல்லர் அத்தைக்கு அவன் பாடுவது புதிதா? தினமும் காலையில் எவனாவது பாடிக்கொண்டு வருவான். உனக்கு வெண்ணெய்தான் வேலை."

"தண்ணீரைக் கேட்டால் போதுமா?"

"போதும்."

ஒரு வாரம் பிடித்தது. ஒரு முழுச் சுற்றுக்குக் கோலை இறக்கி, அடுத்த சுற்றுக்கு ஏற்றி, நிதானமாக வந்து சேர்ந்தாள். தாளம் தானாக ஒட்டிக்கொண்டது. எல்லருக்குப் பாட்டு முடிந்த பிறகுதான் வசனம்: தான் மட்டும் கிழவியாக இல்லாமலும் அவன் இத்தனை வாய்த்துடுக்குப் பிடித்த பொடியனாக இல்லாமலும் இருந்தால் அவனைக் கட்டிக்கொண்டு, ராத்திரியெல்லாம் பாட வைத்துக் கேட்டுக்கொண்டிருப்பாளாம். காலை முழுக்க அவள் காது கொடுத்துக் கேட்டிருக்கிறாள் என்பது அப்போதுதான் தெரியும். மூன்று காட்சிகளிலும் அந்த இடத்தில் அரங்கம் சிரித்தது.

நாடகம் முடிந்ததும், வைக்க இடமில்லை என்று அந்தக் கடையும் கலத்தை எங்கள் தலையில் கட்டிவிட்டார்கள். மறு ஞாயிறு காலை மகள் அதைச் சுடுதண்ணீர் ஊற்றிக் கழுவி, கடையிலிருந்து நான்கு பெட்டி பாலாடை வாங்கிவரச் சொன்னாள். சமையலறை நடுவில் முக்காலி போட்டு உட்கார்ந்து கடையத் தொடங்கினாள். தனக்குள் அந்தப் பாட்டைப் பாடிக்கொண்டே. மேடையில் அவளுக்குக் கிடைக்காத பாட்டு. முழுதாகப் பாடி முடித்தாள், மூடியைத் திறந்து பார்த்தாள், ஒன்றுமில்லை. மறுபடி முதலிலிருந்து. நான் தோசை வார்த்துக்கொண்டிருந்தேன். நான்காவது தடவை நுரை கட்டியாகிக் கோல் நகர மறுத்தது. கை மாற்றிக்கொண்டாள். ஏழாவது தடவை சொல்லை விட்டுவிட்டு மெட்டு மட்டும் முணுமுணுத்தாள். ஒன்பதாவது தடவை, மாடுகள் சிலைபோல் நிற்கிற இடத்தில், சட்டென்று பாட்டை நிறுத்தினாள். கோல் மட்டும் இன்னும் இரண்டு முறை போய்வந்தது.

"அம்மா, அடுப்பை அணை. சத்தம் மாறிவிட்டது."